பிஸ்கட்டுக்கு ஒரு குழி

பொக்லைன் பக்கெட்டின் பல் கல்லில் உரசிய சத்தம் கேட்டதும் கிழக் குதிரை பிஸ்கட் தலையைத் தூக்கியது. லோர்னா தலைக்கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். கெல்வின் குட்டி பொக்லைனை நிறுத்திவிட்டு இறங்கிவந்து குழிக்குள் எட்டிப் பார்த்தான். முழங்கால் ஆழம்கூட வரவில்லை. அடியில் கருங்கல், கதவு அகலத்துக்கு.

“வீட்ட இங்க கட்டியிருக்கலாம் பாஸ். அஸ்திவாரமே வேண்டாம்,” என்றான்.

லோர்னா சிரிக்கவில்லை. கால்நடை டாக்டர் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

குழி முதலில் தயாராக வேண்டும். பிறகுதான் குதிரையை அதன் விளிம்புக்கு நடத்திவந்து, வலியில்லாமல் உயிர் போக ஊசி போடுவார்கள். செத்த குதிரையைச் சங்கிலி கட்டி இழுத்துப் போவதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறுபடி அப்படிச் செய்ய விடுவதில்லை. இந்தப் பக்கம் வயதான குதிரை வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்னால் முடிவெடுத்துவிடுவார்கள். ஜூனில் இங்கே குளிர்கால மழை தொடங்கினால் மேய்ச்சல் நிலம் முழுக்கச் சேறு. வசந்தம்வரை எந்த வண்டியும் உள்ளே இறங்காது.

போன குளிர்காலத்தில் பிஸ்கட் சேற்றில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து வயிற்றுக்கடியில் பட்டை கொடுத்துத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு கூரையில் மழைச் சத்தம் கேட்டாலே லோர்னா டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இப்போது அதற்குக் கடைவாய்ப் பற்களும் இல்லை. தீவனத்தை ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் இன்று காலை வாளியைப் பார்த்ததும் அது ஓடிவந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

லோர்னா பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரே பாதை. கேட்டில் பிள்ளை நிற்காவிட்டால் ஹாரன் அடிப்பாள், பிறகு இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவாள். யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை. பள்ளிக்குத் தாமதமாகவும் போனதில்லை. இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க, விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து பேருந்தைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். கணவன் கடலோரத்துக்கு மீன்பிடிக்கப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்ட வாரத்திலும் பேருந்து ஓடியது. பிஸ்கட் மகளுக்காக வாங்கிய குதிரை. மகள் இப்போது பெர்த்தில் இருக்கிறாள். போனில் கேட்டதற்கு, உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய் என்றாள். எது சரி என்று படுகிறது என்பதுதான் லோர்னாவுக்குத் தெரியவில்லை.

கெல்வின் அந்தப் பேருந்தில் போனவன். ஆரஞ்சுத் தோலை ஜன்னல் வழியாக எறிந்ததற்காக அவனைக் கடைசி இருக்கையிலிருந்து தன் பின்னால் மாற்றி, வருஷம் முடியும்வரை அங்கேயே உட்காரவைத்தாள். அவளை ‘பாஸ்’ என்று கூப்பிடுவது அப்போது வந்தது. அவள் கேட்டுக்குள் நுழையக்கூடிய சின்ன பொக்லைன் இந்த வட்டாரத்தில் அவனிடம் மட்டும்தான் இருந்தது. போன வாரம் அவனைக் கூப்பிட்டாள். வியாழக்கிழமை வருகிறேன், வெள்ளிக்கிழமை வண்டி வடக்கே குழாய் பதிக்கிற வேலைக்குப் போய்விடும், குளிர்காலம் முடிந்துதான் திரும்பும் என்றான். சரி என்றாள். அதற்குப் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டாள். அந்த வரிசை அன்றிலிருந்து அவளை உறுத்திக்கொண்டிருந்தது. பிஸ்கட்டின் நாளைக் குறித்தது ஒரு பொக்லைன்.

கல்லைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. குழி தோண்ட முடியாது. அப்படியானால் இன்று இல்லை.

“அப்ப என்ன பண்றது?” என்றாள்.

கெல்வின் சைப்ரஸ் மரவரிசைப் பக்கம் பார்த்தான். அங்கே களிமண்ணாக இருக்கும், வேரை ஒதுக்கித் தோண்டிவிடலாம் என்றான். அதற்கு நேரமாகிவிடுமே என்றாள் அவள். நீ இன்னும் சாப்பிடவில்லை என்றாள். நாளைக்குத் தூரம் போகிறவன், வண்டியை ஏற்றிக் கட்ட வேண்டாமா என்றாள். தனக்காகத்தான் சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

“உங்கள அம்போன்னு விட்டுட்டுப் போவேனா? நீங்க யாரயாச்சும் விட்டுட்டுப் போயிருக்கீங்களா?”

சாண்ட்விச்சை வாயில் கவ்விக்கொண்டே வண்டியை நகர்த்தினான்.

மரவரிசையின் ஓரத்தில் மண் மளமளவென்று வந்தது. லோர்னா குதிரையோடு தள்ளி நின்று ஒவ்வொரு பக்கெட்டுக்கும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை உரசல் கேட்டது. வேர். அவன் அதை முறித்து ஓரமாகப் போட்டான்.

டாக்டர் இமோஜன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். குதிரையின் வாயைத் திறந்து பார்த்தாள், விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள், முட்டிகளைத் தடவினாள். கண் தெளிவாக இருக்கிறது என்றாள். பிறகு குனிந்து பையில் எதையோ தேடினாள்.

“இன்னிக்கு நல்லாத்தானே இருக்கான்?” என்று லோர்னா கேட்டாள்.

“இன்னிக்கு நல்லா இருக்கான். நல்லா இருக்கறப்ப செஞ்சா அவனுக்குப் பயம் இல்ல. ஆனா இன்னிக்கேன்னு நான் சொல்ல மாட்டேன் லோர்னா. நீங்கதான் சொல்லணும்.”

அப்போது இன்ஜின் நின்றது. கெல்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தான். கழுத்துவரை மண்.

“ஆயிடுச்சு பாஸ்,” என்றான், மெதுவாக.

குழியின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டியிருந்தான், உடம்பு தடாலென்று விழாமல் சறுக்கி இறங்கும்படி. அடியில் உதிரி மண்ணை ஒரு சாண் பரப்பி பக்கெட்டின் முதுகால் நிரவியிருந்தான். இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

லோர்னா அந்தச் சரிவைப் பார்த்தாள். கேட்டருகே நின்ற இரண்டு வண்டிகளைப் பார்த்தாள். இன்னொரு நாள் பார்க்கலாம் என்ற வார்த்தை நாக்கில் இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, வேலையும் முடித்துவிட்டு நிற்கிறவர்களிடம் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. குதிரை அவள் சட்டைப் பையை மோந்தது.

“சரி,” என்றாள்.

கயிற்றை இழுக்க வேண்டியிருக்கவில்லை. மரத்தடியில் மிதிபடாத புல் இருந்தது. அதைப் பார்த்து அதுவே நடந்து போனது.

மறுநாள் மழை இல்லை. காற்றும் இல்லை. முந்தின நாள் காலையில், மாலைக்கென்று பழக்கத்தில் ஊறவைத்துவிட்ட தீவனம் வாளியில் புளித்திருந்தது. அதைக் கோழிகளுக்குக் கொட்டினாள். பத்து மணிவாக்கில் கெல்வின் போன் செய்தான். மண் அமுங்கும், அமுங்கினால் சொல்லுங்கள், வந்து நிரப்பித் தருகிறேன் என்றான். வடக்கு வேலை மே கடைசிக்குத் தள்ளிப்போய்விட்டது, வண்டி கொட்டகையில் சும்மாதான் நிற்கிறது என்றான். அது உனக்கு எப்போது தெரியவந்தது என்று கேட்டாள். நேற்று வீட்டுக்குப் போனதும் என்றான். அவள் நன்றி சொல்லி வைத்தாள். வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். தலைக்கயிற்றை அலசிக் கொடியில் போட்டாள். மதியத்துக்குள் அது காய்ந்துவிட்டது.