காளஸ்திக்குப் பிறகு கோட்டை

கோயில் ஊரில் கோட்டையைச் சுற்றிக் காட்டுவது, கல்யாண வீட்டில் கணக்குப் பாடம் நடத்துகிற மாதிரி. நான் சித்தூர்க்காரி. திருப்பதியில் ஒரு டூர் வேனில் தமிழ் கைடு. மலையில் சாமி பார்த்துவிட்டு, ஊர் திரும்ப ஒரு நாள் மிச்சம் இருப்பவர்கள்தான் எங்கள் பயணிகள். நீங்களும் இப்படி ஒரு வேனில் கண்ணயர்ந்து போயிருப்பீர்கள்; முன்சீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உங்களைத் தூங்கவிடாமல் செய்தாளே, அவள் என் இனம்.

வெறுங்கால்

சந்திரகிரிக் கோட்டைக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயிலாகிவிடும். காலையிலிருந்து கோயில் கோயிலாக இறங்கி ஏறிய பழக்கத்தில், எல்லோரும் செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு இறங்குவார்கள். விஜயநகர ராஜாக்கள் தங்கிய ராஜ மஹாலை, மரமே சேர்க்காமல் கல்லும் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் நிழல் தேடி ஓடியிருப்பார்கள். ஒருநாள் சேலத்து அம்மா ஒருவர் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்:

"ராஜா கதை இருக்கட்டும்மா, இது கோயில் இல்லைன்னு முதல்லயே சொல்லக் கூடாதா?"

என் யோசனை

எனக்குப் பாவமாக இருந்தது. வேன் முதலாளியிடம் போய், "அங்கிள், கடைசியில போற காளஸ்திக்குக் காலையிலயே போயிட்டு, வெயில் தாழ கோட்டைக்கு வரலாமே" என்றேன். அவரும் எங்கள் சர்ச்சுக்காரர்தான். நல்ல யோசனை என்று உடனே ஒத்துக்கொண்டார்.

முதல் நாளே கோட்டை வாசலில் வேன் நின்றது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அப்படியே. கெஞ்சிக் கேட்டபோது திருச்சிப் பெரியவர் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். காளஸ்தியில் சாமி பார்த்தால் நேராக வீட்டுக்குத்தான் போகவேண்டுமாம். நடுவில் வேறு எங்கும் கால் வைக்கக் கூடாதாம். சர்ச்சில் வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் இது தெரியாது. நகரிக்காரரான டிரைவர் முனுசாமிக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கைடாச்சே, தெரிஞ்சிக்கினுதான் பண்றீங்கன்னு நெனச்சேன்க்கா."

கெடு

அதற்குள் முதலாளியிடம் புகார் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோட்டையை நிறுத்திவிட்டால் என் வேலை போய்விடும். வேலையை விடுங்கள், அந்த இடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். பார்க்காமல் இருக்க முடியாது. கோட்டையை முதலில் வைத்து, காளஸ்தியைக் கடைசிக்குத் தள்ளி ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று கேட்டேன். சனிக்கிழமை தானே கூட வருவதாகச் சொன்னார்.

"யாரும் எறங்கலன்னா கோட்டை ஒத்தும்மா, வேணாம். கோயிலுக்குப் போவ டிரைவர் போதும், கைடு எதுக்கு?"

சனிக்கிழமை

கோட்டை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டோம். மலைப்பக்கமிருந்து நல்ல காற்று. ஒருவர் விடாமல் இறங்கினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மைக்கைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். முதலாளி எல்லோருக்கும் பின்னால் நின்றார். இத்தனை வருஷம் டூர் வேன் நடத்தியும் அவர் கோட்டைக்குள் வந்ததே இல்லையாம்.

ராஜ மஹாலில் பேச ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். மேல்தளம் எப்படி நிற்கிறது, ராணி எங்கே இருந்தாள் என்று கேள்வி மேல் கேள்வி. முனுசாமி வந்து நேரமாகிறது என்று என்னிடம் ஜாடை காட்டினார். முதலாளி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ சொல்லும்மா, காளஸ்தி எங்க போயிடப் போவுது?"

இப்போதெல்லாம் பயணிகளைக் கோட்டையில் இறக்குவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, சனிக்கிழமைதோறும் முதலாளியைத் திரும்ப வேனில் ஏற்றுவதுதான் பெரும்பாடாக இருக்கிறது.