ஓரகத்தி வீட்டுத் தண்ணீர்

என் ஓரகத்தி வீட்டு மீன் தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாது. சிதம்பரம் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில், கூடத்து ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். சிவப்பு மீன்கள் அந்தரத்தில் நிற்பதுபோல நிற்கும். 2007-ல் ஆருத்ரா தரிசனம் முடிந்து அங்கே போனபோது, என் மகள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், பஸ்ஸுக்கு நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. "நான் பெரிம்மா வீட்லயே இருந்துக்கறேன், நீ போம்மா" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்கு வயிறு எரிந்தது.

ஓரகத்தி படித்தவர், வேலைக்குப் போகிறவர். நான் எட்டாவதோடு நின்றவள். நகை, புடவையிலெல்லாம் எனக்குப் பொறாமை வந்ததில்லை. சாமி கொடுத்தது போதும் என்றிருப்பேன். ஆனால் பெற்ற பிள்ளை இன்னொருத்தி கூடத்தை விட்டு வரமாட்டேன் என்றால்?

அடுத்த மாதமே கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் தொட்டி வந்தது, அவர்களுடையதைவிட ஒரு சாண் நீளமாக. வியாழக்கிழமை சாயங்காலம் பூஜை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்க்கும்போது தொட்டியையும் காலி செய்வேன். கூழாங்கற்களைத் தேய்த்து, ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சைக் குழாயடியில் அடித்துத் துவைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை வீட்டில் அழுக்கு இருக்கலாமா? மறுநாள் பளிச்சென்று இருக்கும் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமைக்குள் அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செத்து மிதப்பதை மகள் பள்ளிக்கூடம் விட்டு வருமுன் எடுத்துவிட்டுப் புதிதாக வாங்கி விடுவேன். அவளா ஏமாறுவாள்? "இது அந்த மீனில்லம்மா. பெரிம்மா வீட்ல ஒண்ணுகூட சாவல" என்பாள். பாடலீஸ்வரர் சந்நிதியில் கண்ணை மூடினாலும் சிதம்பரத்துத் தொட்டிதான் தெரியும்.

கல்யாணம் ஒன்றுக்காகக் கடலூர் வந்த ஓரகத்தி, நான் பஞ்சைத் துவைக்கும் நேரத்தில் வந்து நின்றார்.

"அய்யய்யோ, ஏண்டி அத போட்டு இந்த அடி அடிக்கிற?"

"அழுக்கா இருக்குதேக்கா."

"அந்த அழுக்குதாண்டி தண்ணிய தெளிய வெக்கிது. அதுல நல்ல கிருமி இருக்கு, கொழாத்தண்ணி பிளீச்சிங் பவுடர் அத கொன்னுடும். தொட்டில மொண்ட தண்ணிலயே லேசா அலசிப் போடு. தண்ணியும் கால்வாசி மாத்துனா போதும். நான்லாம் மாசத்துக்கு ஒருவாட்டிதான் பஞ்சத் தொடுவேன்."

வாரா வாரம் இடுப்பொடியத் தேய்த்தவள் நான். மாதம் ஒருமுறை தொடும் கைக்கா தெளிகிறது என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

ஆனாலும் மீன்கள் பாவம். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமையும் அழுக்குப் பஞ்சை வீட்டில் வைத்துக்கொண்டேன். சில வாரங்களில் தண்ணீர் தெளிந்தது. ஒரு சாயங்காலம் மகள் பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நின்றாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தேன்.

"சூப்பரும்மா! அப்டியே பெரிம்மா வீட்டு தண்ணி மாதிரியே இருக்கு."

இப்போது மகள் படிப்புக்காக வெளியூரில் இருக்கிறாள். தொட்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், எப்படி இவ்வளவு தெளிவாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். எல்லாம் சாமி புண்ணியம் என்பேன். ஓரகத்தி பெயர் மட்டும் இன்றுவரை வாயில் வரமாட்டேன் என்கிறது.