பத்து சதவீத மாப்பிள்ளை

ஒரு மனுஷனை அறிந்துகொள்ள ஜாதகம் வேண்டாம், ஓட்டலில் அவன் வைக்கிற டிப்ஸைப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. கொல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் ஆடிட் பிரிவில் உட்கார்ந்து, மற்றவர்கள் போட்ட கணக்கில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் மூட மறுக்கிறது. டிப்ஸே வைக்காதவன் கல்நெஞ்சன். ஒரு தோசைக்கு நூறு ரூபாய் டிப்ஸ் வைப்பவன் கடன்காரன், இல்லையென்றால் சீக்கிரமே ஆகப்போகிறவன். பத்து சதவீதம் வைப்பவன் குடும்பஸ்தன். இதுதான் என் சாஸ்திரம்.

நான் அந்தப் பத்து சதவீதத்தை வைக்கிற அழகையும் சொல்லிவிடுகிறேன். பில்லில் ஜிஎஸ்டியைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவேன். வரியை என்ன சர்வரா பரிமாறினார்? அறுபத்தேழு ரூபாய் என்று வந்தால் அறுபது வைத்துவிட்டு, தாராளமாகக் கொடுத்த திருப்தியோடு எழுந்திருப்பேன். துர்கா பூஜை வந்தால் பக்ஷீஷ் கேட்டு லிப்ட்காரர், பேப்பர்காரர், குப்பை எடுப்பவர் என்று வரிசையாக மணி அடிப்பார்கள். அவரவருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கவரில் போட்டு வைத்திருப்பேன். லிப்ட் ஓடாத நாட்களுக்கு லிப்ட்காரரின் கவரில் பிடித்தம் உண்டு. பிடித்த பணத்தை என் வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்று ரகசியமாக அவர் கையில் கொடுத்துவிடுவார். அது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவேன்.

இப்படிப்பட்ட புண்ணியவதியிடம்தான் போன குளிர்காலத்தில் என் மகள் வந்து, ஒரு வங்காளிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். கூடப் படித்தவனாம். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறானாம். வீட்டுக்காரர் உடனே சரி என்றுவிட்டார். நான் பார்க்கலாம் என்றேன்.

"நீ சரின்னு சொல்லாம நான் பண்ணிக்க மாட்டேம்மா," என்றாள் மகள். "ஆனா வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன்."

ஆக மொத்தம் அவள் வாழ்க்கை என் ஒற்றைச் சொல்லில் நின்றது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த அதிகாரம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"ஓட்டல்ல சாப்பாடு வாங்கித் தரச் சொல்லு. பில்லு அவன்தான் குடுக்கணும்," என்றேன். மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கரியாஹாட் முக்கில், புடவைக் கடைக்கு மேல் முதல் மாடியில் இருந்தது அந்த ஓட்டல். பையன் ஒல்லியாக இருந்தான். பார்த்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நாங்கள் சைவம் என்பதால் அவனும் மீன் பக்கமே போகாமல் பனீரை மென்று விழுங்கினான். மீன் இல்லாமல் ஒரு வங்காளி இவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிடுகிறான் என்றால் ஏதோ மறைக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. மகள் சாப்பிடவே இல்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பு அட்டைக்குள் பில் வந்தது, கூடவே சோம்பும் கல்கண்டும். பையன் போனில் ஸ்கேன் செய்து பணத்தைக் கட்டினான். பிறகு பர்ஸிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, சின்னதாக மடித்து, கையால் மறைத்தபடி அட்டைக்குள் செருகினான். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். என்ன நோட்டு என்று தெரியவில்லை. கொடுப்பதைக் காட்டிக்கொள்ளாத நல்ல பிள்ளை என்று வேறொருத்தி நினைத்திருப்பாள். எனக்கு வவுச்சரை ஒளித்த கிளார்க்குகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

கீழே இறங்கி நடைபாதைக்கு வந்ததும், "கண்ணாடிக் கூட்டை மேலயே வச்சிட்டு வந்துட்டேன்," என்றேன். வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்ததுதான்.

"நான் போய் எடுத்துட்டு வாரேன்," என்று வீட்டுக்காரர் கிளம்பினார்.

"நீங்க சும்மா நில்லுங்க," என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியையும் பார்க்காமல் படியேறினேன்.

மேஜையை இன்னும் யாரும் துடைக்கவில்லை. அட்டையைத் திறந்து நோட்டை எடுத்தேன். பிரிக்கப்போகும்போது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. எங்களுக்குப் பரிமாறிய சர்வர். புத்தியுள்ள எந்த மனுஷியும் அந்த நேரத்தில் நோட்டை அட்டைக்குள்ளேயே வைத்திருப்பாள். நான் உள்ளங்கையை இறுக்கி மூடிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் காலி அட்டையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "மாஷிமா, அது எங்களுக்கு வச்சது," என்றார் வங்காளியில், மெதுவாக.

மாஷிமா என்றால் இங்கே சித்தி, பெரியம்மா முறை. ஒரு திருடியை இவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். எத்தனையோ பேரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டவள் நான். "கண்ணாடிக் கூடு" என்றேன். அதையும் தமிழில் சொன்னேன்.

அப்போதுதான் பையன் படியேறி வந்தான். எனக்கு முழங்கால் வலி என்று மகள் அவனைப் பின்னாலேயே அனுப்பியிருக்கிறாள். திறந்து கிடந்த அட்டை, மூடியிருந்த என் கை, சர்வரின் முகம் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, சர்வரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு வங்காளியில் பேசினான்.

"தாதா, தப்பு என்னுது. நான் ரொம்பக் கம்மியா வச்சிட்டேன். கீழ வச்சு மாஷிமா என்னைத் திட்டினாங்க. சரி பண்றதுக்கு அவங்களே மேல வந்துட்டாங்க." என் பக்கம் கையை நீட்டினான். "குடுங்க மாஷிமா, நான் கூட்டி வைக்கிறேன்."

கையைத் திறந்தேன். இருநூறு ரூபாய். ஜிஎஸ்டியைச் சேர்த்துப் பார்த்தாலும் பத்து சதவீதத்துக்கு மேல். அவன் அதோடு இன்னொரு நூறு ரூபாயைச் சேர்த்து அட்டைக்குள் வைத்தான். சர்வர் அவனை, நீயெல்லாம் ஒரு ஆளா என்பது போல ஒரு பார்வை பார்த்தார். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பிடி சோம்பைக் காகிதத்தில் மடித்து எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் வேறு என்ன செய்ய?

பையன் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு, என் வலது பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. "நாற்காலிக்கு அடியில கிடந்துச்சு, தேட நேரமாயிடுச்சு," என்று கீழே மற்ற இருவரிடமும் சொன்னான். போகும்போது மறுபடியும் என் காலைத் தொட்டான். எனக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

டாக்சியில் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததுமே மகள் என் பக்கம் திரும்பினாள்.

"பாஸா?"

"என்னட்டி பாஸு?"

"டிப்ஸ்தான். நீ அதைப் பாக்கத்தானே மேல போனே? அட போம்மா, எனக்குத் தெரியாதா? பத்து பெர்சென்ட்டுக்கு மேல வை, அம்மா பார்ப்பா, ஆனா பந்தா பண்ணாதே, மடிச்சு வைன்னு போன வாரமே அவன்கிட்ட சொல்லிட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேள்வித்தாள் முன்னாடியே வெளியாகியிருக்கிறது. நோட்டின் மடிப்புகூட இவள் சொல்லிக்கொடுத்ததுதான். ஆபீஸில் இப்படி ஒன்று என்னிடம் மாட்டியிருந்தால் மொத்தத்தையும் செல்லாது என்று எழுதியிருப்பேன். அப்படியே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. துப்பட்டாவின் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு, அழுகையை அடக்கியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாடியில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவும் மாட்டான். இருநூறு ரூபாய் வைக்க என் மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தப் பொய்யை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"பாஸ்தான்," என்றேன்.