கறுப்பு வெள்ளையில் வந்த கல்யாணம்

அக்காவின் கல்யாணம் பிரான்சில் நடந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா ஊர் திரும்பியபோது அந்தக் கல்யாண வீடியோ கேசட்டையும், போட்டுப் பார்க்க ஒரு டெக்கையும் டிவியையும் கொண்டுவந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு டெக் கெட்டுப்போனது. அம்மாவும் போய்விட்டாள். அவள் பேசிச் சிரிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கேசட் ஒன்றுதான்.

அம்மாவின் திதிக்குள் அதை டிவிடியாக மாற்றிவிடலாம் என்று, அப்பாவிடம்கூடச் சொல்லாமல், தட்டாஞ்சாவடியில் ஒரு வீடியோ கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் அதை வாங்கி மற்ற கேசட்டுகளின் மேல் போட்டார். வைத்தார் என்று சொல்ல முடியாது. அங்கே ஆரம்பித்தது எனக்கு. வேறு கேசட்டோடு மாறிவிட்டால்? இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, கல்யாணத்தில் அம்மா ஆடிய ஆட்டத்தை யார் யாருக்கோ போட்டுக் காட்டினால்? மறுநாளே போய் நின்றேன். அதற்கு மறுநாளும்.

"மூணு மணி நேர கேசட்டு மேடம். மூணு மணி நேரம் ஓடித்தான் ஆவணும்," என்றார்.

டிவிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. கேசட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்க்ரூ ஒன்றில் புதுக் கீறல். திறந்திருக்கிறார்! நேரே கடைக்குப் போனேன். இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் குடுத்தது கலர் கேசட்டு. உள்ள இருந்த டேப்ப மாத்திட்டீங்களா?"

"பூஞ்சை புடிச்சிருந்துச்சு மேடம். தொறந்து தொடச்சிதான் போட்டேன். கலரு வரல, நான் என்னா பண்ணட்டும்?"

"என் கண்ணால கலர்ல பாத்திருக்கேன். பொய் சொல்றனா?"

காத்திருந்தவர்களில் ஒருவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார். எனக்கு அது வெற்றியாகத்தான் தோன்றியது.

போலீசுக்குப் போகலாம் என்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாம்மா? அது செக்காம் கேசட்டு. பிரான்சுல அப்ப எடுக்கறதெல்லாம் அந்த முறைதான். இங்க இருக்கற டெக்குல கறுப்பு வெள்ளையாத்தான் தெரியும். அதுக்குத்தான அந்த டெக்க அவ்ளோ தூரம் தூக்கிக்கிட்டு வந்தேன்!"

மறுநாள் அப்பாவே என்னைக் கூட்டிக்கொண்டு போய் விளக்கினார். கடைக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. 'செக்காம்' என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு வீட்டிலிருந்து பிரான்சு முறைக்கும் நம்மூர் முறைக்கும் பொதுவான டெக்கை இரவல் வாங்கி, மறுபடியும் மாற்றிக் கொடுத்தார். பட்டுப்புடவைமேல் அக்காவின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மா குளிரில் நடுங்கியபடி ஆடினாள். அப்பா அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை போடச் சொன்னார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"பரவால்ல மேடம். ஆனா அன்னைக்கி எழுந்து போனாரே, அவர் திரும்பி வரல."

தெரிந்தவர்கள் இரண்டு பேரை அவர் கடைக்கே அனுப்பிவைத்தேன். அவர்கள் கண் முன்னால் கேசட்டை ஓட்டிக் காட்டி, உள்ளே இருந்தது இதுதான் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே எடுத்துவைத்தாராம்.