மச்சானோட பாக்கெட் டைரி

பொறாமைப்படுறதுல நான் கைதேர்ந்தவன். கூடப் படிச்சவன் பேங்க்ல சேந்தா எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்காது. ஆனா பொண்டாட்டியோட தம்பி மேல, அதுவும் பிளஸ் டூவுல ஒருதடவ கோட்டை விட்டவன் மேல, வயிறெரிஞ்சு கெடப்பேன்னு 2004-ல தாலி கட்டும்போது நான் நெனச்சே பாக்கல.

நான் எம்.காம். நகராட்சிகளோட வரி வசூலை ஆராயறதுக்குன்னு கான்ட்ராக்ட்ல எடுத்த ஆளு. ஆர்டர்ல ‘நிதி ஆய்வாளர்’னு போட்டிருந்துச்சு. மஞ்சக்குப்பத்துல ஆபீஸ். சுத்துப்பட்டு ஊருங்கள்ல எந்த வார்டுல சொத்து வரி எவ்வளவு வரணும், எவ்வளவு வந்துருக்கு, மீதி ஏன் வரலன்னு கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு, கலர் அடிச்சு, மாசாமாசம் மேல அனுப்பணும். வருஷத்துக்கு ஒருதடவ என் கான்ட்ராக்ட்டை நீட்டுவாங்க. நீட்டலன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மச்சான் சிதம்பரத்துல பில் கலெக்டர். சைக்கிள்ல வீடு வீடாப் போயி வரியை வாங்கி ரசீது கிழிச்சுக் குடுக்குற வேலை. அவனுக்கு அந்த வார்டுன்னா உசுரு. ப்ரமோஷன் பரிட்சை எழுதுடான்னு எங்க மாமனார் சொன்னப்போ கூட, எழுதுனா வேற வார்டுக்குப் போட்டுருவாங்கப்பான்னு சொல்லி மறுத்துட்டான். இப்படி ஒரு கிறுக்கனான்னு நான் சிரிச்சேன். ஆனா மாசாமாசம் என் ஷீட்டுல மொதல் வரி அந்தக் கிறுக்கனோட வார்டுதான். நல்லா வசூலான வார்டுக்குப் பச்சைக் கலர் அடிக்கணும். என் கையாலயே நான் அவனுக்குப் பச்சை அடிச்சேன், நாலு வருஷம்.

ஞாயித்துக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனா அது வேற கூத்து. சம்பா சாதமும் கத்திரிக்கா கொத்சும் பண்ணியிருப்பாங்க. வார்டுல யாரு என்ன சொன்னாங்க, யாரு மோர் குடுத்தாங்கன்னு அவன் கதை அளப்பான். எல்லாரும் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டிருப்பாங்க. நடுவுல மாமியார் என் பக்கம் திரும்பி, நீங்க கம்ப்யூட்டர்ல என்னா வேலை பாக்குறீங்க மாப்ளன்னு கேப்பாங்க. நானும் வெளக்கிச் சொல்லுவேன். அடுத்த மாசம் அதையே திரும்பக் கேப்பாங்க. பஸ்சுல திரும்பும்போது என் பொண்டாட்டி, ‘எங்க தம்பிக்கு வேலைல எவ்ளோ நல்ல பேரு பாத்தியா’ம்பா. புவனகிரி தாண்டற வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வருவேன்.

ஒருநாள் அவன்கூட வார்டுக்குப் போனேன். ஆய்வுன்னு பேரு. நான் மட்டும் போயி ‘நகராட்சிலேந்து வர்றோம்’னு சொன்னா உள்ளேருந்து ஆளு இல்லன்னு ஆம்பளக் கொரலே பதில் சொல்லும். அவன் சைக்கிள் பெல்லுக்கு மட்டும் கதவு தொறக்குது. மெஸ் வெச்சிருந்த ஒரு அக்கா, வா தம்பி, உனக்குன்னு எடுத்து வெச்சேன்னு டப்பாலேந்து பணத்தை எண்ணிக் குடுக்குது. எப்படிடா மச்சான்னு கேட்டேன். சும்மா போறேன், குடுக்குறாங்க மாமான்னான். நம்ம கிட்டயே மறைக்குறான் பாருன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்குன்னு முடிவே கட்டிட்டேன். அவன் போட்ட ஆறு மாச ரசீதை வரவழைச்சு ஒண்ணொண்ணாப் பாத்தேன். ஒரு தப்பாவது இருக்கட்டும் சாமின்னு வேண்டிக்கிட்டுத்தான் பாத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணும் இல்ல. அவன் யோக்கியன்னு தெரிஞ்சதும் எரிச்சல் இன்னும் ஜாஸ்தியாச்சு.

2008-ல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அவன் கறி வாங்கப் போயிருந்தான். வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டை கொடியில தொங்குச்சு. பாக்கெட்ல அரிசி மண்டிக்காரங்க பொங்கலுக்குக் குடுக்குற சின்ன டைரி. எடுத்துப் பொரட்டுனேன். வீட்டு நம்பர் வாரியா, எந்த வீட்டுல எந்தத் தேதிக்குக் கையில காசு இருக்கும்னு எழுதி வெச்சிருந்தான். பையன் சிங்கப்பூர்லேந்து பத்தாம் தேதி அனுப்புவான். பூக்கடைக்காரருக்கு மார்கழி தரிசனம் முடிஞ்ச மறுவாரம். சேத்தியாத்தோப்பு பக்கம் கரும்பு போட்டவருக்கு ஆலைப் பணம் வந்தப்புறம். மெஸ் அக்காவுக்கு காலேஜ் தொறந்து ரெண்டாவது வாரம். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பொடி எழுத்துல வேற என்னென்னமோ. மருமக முன்னாடி கேக்கக் கூடாது. பெரியவரு ஆஸ்பத்திரில, ரெண்டு மாசம் அந்தப் பக்கமே போகாத. மெஸ் அக்காவுக்கு, வீட்டுல ஆளுங்க இருந்தா பேசாம தாண்டிப் போயிடு, அதுவே கூப்புடும்.

இவ்ளோதானா ரகசியம்னு இருந்துச்சு. பின்னாலயே, இது நமக்குத் தோணாமப் போச்சேன்னு ஒரு வேகம். காலண்டர் தாளைக் கிழிச்சு, அதோட முதுகுல வீட்டு நம்பரையும் தேதியையும் மளமளன்னு எழுதிக்கிட்டேன். அவன் கறியோட வர்றதுக்குள்ள டைரி பழையபடி பாக்கெட்டுக்குப் போயிடுச்சு.

மறுவாரம் அதை ஷீட்டாக்குனேன். ‘வருவாய் நாள் அடிப்படையிலான வசூல் திட்டம்’னு தலைப்பு. பொடி எழுத்துல இருந்ததை மட்டும் சேக்கல. குறிப்புன்னு ஒரு பத்தி போட்டா ஷீட்டு அசிங்கமா இருக்கும்னு விட்டுட்டேன். மீட்டிங்குல படம் போட்டுக் காட்டுனப்போ மேலதிகாரி எழுந்து வந்து கை குடுத்தாரு. சால்வை போத்துனாங்க. கான்ட்ராக்ட்டை நீட்டுனாங்க. அந்த ஞாயித்துக்கிழமை வடையை எனக்குத்தான் மொதல்ல வெச்சாங்க. மச்சான் எதிர்ல உக்காந்து, ‘மாமா மூளை யாருக்கு வரும்’னு சொல்லிச் சிரிச்சான். எனக்குச் சொர்க்கத்துல இருக்குற மாதிரி இருந்துச்சு.

திட்டத்தை மொதல்ல அவன் வார்டுலயே ஆரம்பிச்சாங்க. ஷீட்டுல இருக்குற தேதிக்கு, நான் போட்டுக் குடுத்த மாதிரியே, நாலு பேரு நோட்டீசோடயும் குழாயைத் துண்டிக்கிற ஸ்பேனரோடயும் போவாங்க. மச்சானையும் கூடவே போகச் சொல்லி உத்தரவு. எதுக்குப் போறோம்னு அவனுக்கு வாசல்ல போயி நின்னப்புறம்தான் தெரியும். சிங்கப்பூர் பணம் வந்த அன்னிக்கே வாசல்ல ஆளு. கரும்புப் பணம் வந்த மறுநாளே ஆளு.

மெஸ் அக்கா வீட்டுக்குப் போனப்போ கூடத்துல பொண்ணு பாக்க வந்தவங்க பாய்ல உக்காந்திருந்தாங்க. நோட்டீசுக்காரன் வாசல்ல நின்னே அந்த வருஷத்துப் பாக்கியை உரக்கப் படிச்சான். வந்தவங்க காபி கூடக் குடிக்காம எழுந்துட்டாங்க. அந்த அக்கா யாரையும் திட்டல. மச்சானை மட்டும் பாத்து, ‘கூடப் பொறந்தவன்னு நெனச்சு உங்கிட்ட சொன்னேன் தம்பி’ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. கூடப் போன ஆளு இதை என் ஆபீசுல வந்து சொன்னான். என் ஷீட்டு நல்லா வேலை செய்யுதுன்னு சொல்ல வந்தவன் அவன்.

ரெண்டு மாசத்துல வார்டு முழுக்க அவனுக்குக் கதவைச் சாத்துச்சு. பெல் அடிச்சா யாரும் வரல. மோர் குடுத்த வீட்டுல, ஆளு இல்லன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. என் ஷீட்டுல அந்த வார்டுக்கு மஞ்சள் அடிச்சேன், அப்புறம் செவப்பு அடிச்சேன். சந்தோஷப்பட்டியான்னு கேட்டா, மஞ்சள் அடிச்சப்போ கொஞ்சம் பட்டேன். செவப்பு அடிச்சப்போ ஷீட்டைச் சட்டுனு மூடிட்டேன். அவனே எழுதிக் குடுத்து பொறப்பு எறப்பு பதியிற செக்ஷனுக்கு மாத்திக்கிட்டான். ஏன்டா உசுரா இருந்தியேன்னு என் பொண்டாட்டி கேட்டதுக்கு, சைக்கிள் மிதிச்சு முட்டி வலிக்குதுன்னுட்டான். அவனுக்கு அப்போ இருபத்தெட்டு வயசு. இவன் எங்க கண்டுபுடிக்கப் போறான்னு நான் பேப்பரைப் பொரட்டிக்கிட்டிருந்தேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு எங்க பொண்ணுக்கு மொட்டையடிச்சுக் காது குத்த திருவந்திபுரம் போனோம். தாய்மாமன் மடியில உக்கார வெக்கணுமே. என்கிட்ட வீல்வீல்னு கத்துன புள்ள அவன் மடிக்குப் போனதும் விசும்பலோட நிறுத்திடுச்சு. குத்தி முடிச்சு, பொம்பளைங்க எல்லாம் சாமி பாக்கப் போயிட்டாங்க. நானும் அவனும் ஆத்துப் பக்கமா நெழல்ல உக்காந்தோம். புள்ள சந்தனம் பூசுன மொட்டைத் தலையோட அவன் மடியிலயே தூங்கிடுச்சு.

‘மாமா, அந்த லிஸ்டு என் டைரிதானே’ன்னான். கொரல்ல கோவமே இல்ல.

என்னா மச்சான் ஒளர்றன்னு சமாளிச்சுப் பாத்தேன். அவன் புள்ளையோட நெத்தியில உக்காந்த ஈயை ஓட்டிக்கிட்டே சொன்னான். வக்கீல் குமாஸ்தா ஒருத்தருக்கு ஏழாம் தேதி சம்பளமாம். டைரியில பதினேழுன்னு தப்பா எழுதிட்டானாம். மனசுல திருத்திக்கிட்டான், டைரியில திருத்தல. நோட்டீசு பதினேழாம் தேதி போயிருக்கு. அன்னிக்கே தெரியும் மாமான்னான்.

‘தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?’

‘சொன்னா அக்கா உங்ககூட எப்டி மாமா இருக்கும்?’

ரெண்டு வருஷம். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை எதிர்ல உக்காந்து என்கூடச் சாப்ட்டிருக்கான். வடையை என் பக்கம் தள்ளி வெச்சிருக்கான். மன்னிச்சுக்கடான்னு சொல்லியிருக்கணும். அவன் கால்ல விழுந்திருக்கணும். அதுக்குப் பதிலா, இவனால மட்டும் எப்படி இப்படி இருக்க முடியுதுன்னு உள்ளுக்குள்ள கொதிச்சுது. புள்ளைய இப்படிக் குடுன்னு வெடுக்குனு கையை நீட்டுனேன். அவன் மெதுவாத் தூக்கிக் குடுத்தான். அது பாதிக் கண்ணைத் தொறந்து என்னைப் பாத்துச்சு. ஒதட்டைப் பிதுக்கிக்கிட்டுத் திரும்பி, ரெண்டு கையாலயும் அவன் சட்டையைப் புடிச்சுக்கிச்சு.