ஸ்டேப்ளர் அடித்த பக்கங்கள்

விம்கோ நகர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பட்டாளமும் மந்திரமும் ரத்தமுமாக வரும் இங்கிலீஷ் நாவல்களைப் பற்றி இணையக் குழுவொன்றில் நான் மணிக்கணக்கில் வாதாடிய காலம் அது. எல்லோரும் படிக்கச் சொன்ன ஒரு நாவலை, குழுவிலிருந்த கொருக்குப்பேட்டை சேகர் மட்டும் நான் படிக்க வேண்டாம் என்றார். நான் விடாமல் நச்சரித்ததால், தன்னிடமிருந்த புத்தகத்தைத் தர ராயபுரம் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். அன்றுதான் அவரை முதன்முதலாக நேரில் பார்த்தேன்.

புத்தகத்தின் நடுவே சில பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்.

"அத்த மட்டும் பிரிக்காத மாமு. அது இல்லாமலே கதை புரியும்."

"உள்ள இன்னாண்ணா கீது?"

"சொன்னா கேளு" என்று ரயிலேறிவிட்டார்.

கடத்தல் சமாச்சாரம் எதையாவது என் தலையில் கட்டிவிட்டானோ இந்த ஆள்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக்கூட முறைத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் கதவைச் சாத்திவிட்டு, கத்தியால் பின்களை நெம்பினேன்.

உள்ளே வெறும் கதைதான் இருந்தது. கடல் இழுத்துப்போன தம்பியின் உடலைத் தேடி, ஒரு படைவீரன் மூன்று நாள் கரையோரமாக நடக்கிறான்.

என் தம்பி காத்திவாக்கம் கடலில் போனதை எப்போதோ குழுவில் ஒரே வரியில் எழுதியிருந்தேன். யாரும் பதில் போடவில்லை. யாரும் படிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

பழைய ஓட்டைகளிலேயே பின்களை மடக்கி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பிரிச்சியா?"

"இல்லண்ணா."

அந்தப் பொய்யை இன்றுவரை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

கோணலாகக் கிடந்த பின்களை அவர் விரலால் தடவிப் பார்த்தார். பையிலிருந்து இன்னொரு தடித்த புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"பயப்படாம படி. இதுல கடலே கெடையாது."