கஞ்சியக்கா தனக்கே சொல்லிக்கொண்ட புத்தி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து உதறி, நடந்து வந்து ஒருவர் கையில் ஒருவர் சேர்க்க வேண்டும். என் எதிரில் நிற்பவள் கஞ்சியக்கா. முதுகெலும்பில் டிஸ்க் விலகியதிலிருந்து இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நடப்பாள். பெயர் வைத்தது நான்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இருக்கிற கோபத்தையெல்லாம் வேறொருத்திக்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

அந்த வேறொருத்தி, பதினாறு வயதுக் கஞ்சியக்கா. அந்த வயதில் அவளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. அதே வருஷம் அம்மாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. அண்ணன் காலேஜுக்குப் போனார், இவள் வீட்டில் நின்றுவிட்டாள். பொறுப்பான பெண் என்று ஊரே மெச்சியது. மெச்சியவர்களில் ஒருவர்கூட வந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்தபோது படிக்கும் வயதும் போயிருந்தது. அண்ணன் இதே ஊரில்தான் இருக்கிறார். எப்போதாவது பழப்பையோடு வந்து எட்டிப் பார்ப்பார்.

"போயிருக்கணும்டி அவ. பையத் தூக்கிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிருக்கணும்," என்பாள், முனைகளை என்னிடம் கொடுக்கும்போது. அடுத்த போர்வைக்கும் அதே பாட்டு. எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

"அவளுக்கு எங்கக்கா கேக்கப் போகுது? எனக்குத்தான் கேக்குது," என்பேன். சிரிப்பாள், ஆனால் விடமாட்டாள்.

போன மாதம் ஒருநாள் சிரிக்கவில்லை. புருஷன் விட்டுப்போன வீட்டில் அவளும் ஒரே மகளும்தான். பள்ளிப் படிப்பை முடித்த அந்தப் பெண்ணுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வீட்டில் மூச்சுக் காட்டாமல் அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். டீச்சர் போன் செய்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

"கேட்டதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு." முனைகளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான இருந்திருக்கும்."

அவள் கையிலிருந்த முனைகளை நானே வாங்கி மடித்தேன்.

சாயங்காலம் மகள் வழக்கம்போல வந்தாள். அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பெல்ட்டைத் தளர்த்திவிடக் குனிந்தாள். கஞ்சியக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். இத்தனை காலம் என் காதில் போட்டதையெல்லாம் மகளிடம் கொட்டினாள். போ, பையைத் தூக்கிட்டுப் போ, என்னைத் திரும்பிப் பாக்காத. இஸ்திரி போடுகிறவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

மகள் எதிர்த்துப் பேசவில்லை. "சரிம்மா. காலைல நீ கட்டில்ல இருந்து எந்திரிக்க யாரு கை குடுப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

நானும் அப்போதுதான் யோசித்தேன். அந்தப் பதினாறு வயதுக்காரியும் இதைத்தானே கேட்டிருப்பாள். போ போ என்று அக்கா அவளைத் திட்டித் தீர்த்தாளே தவிர, அவள் போனால் அம்மாவை யார் பார்ப்பது என்று நாங்கள் ஒரு நாளாவது யோசித்தோமா?

அக்கா அழுக்கு மூட்டை மேல் மெல்ல உட்கார்ந்தாள். "பாவம்டி அவ. அவளைப் போகச் சொல்லி என்ன பிரயோஜனம்? அண்ணன்கிட்ட, நீயும் வீட்டுல நில்லுன்னு கேக்கச் சொல்லியிருக்கணும் அவளை."

பிறகு போனை எடுத்தாள். இயந்திரங்களின் இரைச்சலுக்காக ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, பாப்பா படிக்கப் போறா. இனிமே காலைல நீ வந்து என்னை எழுப்பி விடணும். தெனமும்."

அந்தப் பக்கம் அண்ணன், "இத்தனை வருஷத்துல நீ என்கிட்ட எதுவுமே கேட்டதில்லையேம்மா," என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டாத்தான் செய்யணுமாண்ணா?"

மகள் தோள்பையை இறுக்கிப் பிடித்தபடி அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும்?" என்று கேட்டார் அண்ணன்.

கஞ்சியக்கா போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நேரத்தை மகள்தான் சொன்னாள்.